மழை மறைவில் விளைந்த நன்செய்

கேரளத்தில் ஜூன் மாதம் என்றால் மழை. கொச்சித் தெருக்களில் தண்ணீர் தேங்கும், கோழிக்கோட்டுக் கூரைகள் ஒழுகும். அதே மாதத்தில் அதே மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் பல நாள் மேகம் தலைக்கு மேலே ஓடிப்போய்விடும். கீழே காற்றுதான் மிஞ்சும். கேரளத்தின் ஆண்டுச் சராசரி மழை 3,000 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கிறது. சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஊர்களான கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதியில் அதில் பாதிகூடப் பெய்வதில்லை. பேச்சு தமிழ். மண் கரிசல். பயிர் நிலக்கடலை, கரும்பு, தென்னை, காய்கறி.

இங்கிருந்து மேற்கே நல்லேப்பிள்ளி வழியாகச் சித்தூருக்குப் போகிறவர் கண்முன்னே நிலம் மாறிவிடும். வரப்பு வரப்பாக நெல்வயல், வரப்பின் மேல் பனை, ஓரத்தில் வாய்க்கால். கேரளத்தின் நெற்களஞ்சியம் என்று பாலக்காட்டைச் சொல்வதற்குக் காரணமான வயல்களின் கிழக்கு விளிம்பு இது. வானம் பார்த்தால் இங்கே இவ்வளவு நெல் விளைய நியாயமே இல்லை. ஆற்றை மறித்து, ஏரி வெட்டி, வாய்க்கால் இழுத்து, கரிசலைச் சேறாக்கி, தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் உண்டாக்கிய ஈரநிலம் இது. அந்த உழைப்புக்குக் கல்வெட்டுப் பெருமையோ சுற்றுலாப் பலகையோ கிடையாது. ஒரு கோயிலையோ கோட்டையையோ பார்க்கும் மரியாதையோடு இந்த வயல்களையும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்க்க உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மத்திய அமெரிக்காவின் மாயா மக்கள்.

மாயா நாகரிகம் என்றதும் காட்டுக்குள் எழுந்து நிற்கும் கல் பிரமிடுகள்தான் நினைவுக்கு வரும். அந்த நகரங்களுக்குச் சோறு போட்டது எது என்ற கேள்விக்கு நீண்ட காலம் ஒரே பதில்தான் சொல்லப்பட்டது: காட்டை வெட்டி, எரித்து, சாம்பலில் மக்காச்சோளம் விதைத்தார்கள், மண் சளைத்ததும் வேறிடம் போனார்கள். 1972இல் ஆல்ஃபிரட் சீமென்ஸ், டென்னிஸ் பூல்ஸ்டன் என்ற இரு ஆய்வாளர்கள் மெக்சிகோவின் காந்தெலாரியா ஆற்றோரச் சதுப்புகளில் பழைய கால்வாய்களையும் மேட்டு வயல்களையும் கண்டதாக எழுதினார்கள். அடுத்த பத்தாண்டில் பி.எல். டர்னரும் பீட்டர் ஹாரிசனும் பெலிஸ் நாட்டின் புல்ட்ரவுசர் சதுப்பைத் தோண்டி ஆராய்ந்து, 1983இல் நூலாக வெளியிட்டார்கள். சதுப்புக்குள் கால்வாய் வெட்டி, வெட்டிய சேற்றையே இருபுறமும் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டில் பயிரிட்டிருக்கிறார்கள். மழை மிகும்போது கால்வாய் நீரை வடிக்கும். வறளும்போது அதே கால்வாய் வேருக்கு ஈரம் தரும்.

பிறகு லிடார் வந்தது. விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, மரங்களின் இலைகளுக்கு இடையே ஊடுருவி, தரையின் மேடுபள்ளத்தை மட்டும் வரைந்தெடுக்கும் முறை. 2018இல் வெளியான ஆய்வில் வடக்கு குவாத்தமாலாவின் 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் சுமார் 61,000 பழங்காலக் கட்டுமானங்கள் தென்பட்டன. கட்டடங்களோடு வாய்க்கால்களும் படிக்கட்டு வயல்களும் வெளிப்பட்டன. அந்தச் சமவெளியில் ஒரு காலத்தில் 70 லட்சம் முதல் 1.1 கோடி பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மறு ஆண்டே டிமோத்தி பீச் தலைமையிலான குழு, பெலிஸின் வடமேற்கில் இருக்கும் சதுப்பு வயல்கள் முன்பு நினைத்ததைவிடப் பல மடங்கு பெரியவை என்று காட்டியது. பிரமிடு கட்டிய கூட்டத்தின் மிகப் பெரிய கட்டுமானம் அதன் வயல்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

சித்தூர்ச் சமவெளியில் வேலை வேறு விதம். மாயா மக்கள் மிகுந்த நீரிலிருந்து நிலத்தைத் தூக்கினார்கள். இங்கே நீர் இல்லாத நிலத்துக்கு ஆற்றை அழைத்து வந்தார்கள்.

அந்த ஆறு ஆனைமலையில் பிறக்கிறது. வால்பாறை மலைகளிலிருந்து ஆழியாறாக இறங்கி, ஆனைமலை ஊரைத் தொட்டு, மணக்கடவு தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்ததும் சித்தூர்ப்புழை. மேற்கே போகப் போகக் கண்ணாடிப்புழை. மலையாளக் கவி துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் சித்தூரில் அதற்குச் சோகநாசினி என்று இன்னொரு பெயரும் உண்டு. பறளியில் கல்பாத்திப்புழையோடு கலந்து பாரதப்புழையாகி, பொன்னானியில் கடலைச் சேர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாய் முழுவதும் இந்த ஆற்றின் கிளைகள்தான் பரவிக் கிடக்கின்றன.

இந்தக் கணவாய் வழியே பழங்காலத்திலிருந்தே மனிதர்கள் வந்துபோனார்கள். கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842இல் 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் பேரரசர்களின் முகம் பொறித்தவை. பொள்ளாச்சியிலும் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. மேற்குக் கரைத் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு நொய்யல் கரைக் கொடுமணல் வரை போவதற்கு மலை ஏறாத வழி இது ஒன்றுதான். பொதிமாடும் வண்டியும் இளைப்பாறிய இடங்களின் நினைவு வேலந்தாவளம், வண்டித்தாவளம் என்ற ஊர்ப்பெயர்களில் இன்றும் தங்கியிருக்கிறது. வழி திறந்திருந்தால் வணிகன் மட்டுமா வருவான், படையும் வரும். சித்தூர் பகவதி கோயிலில் மாசி மாதம் நடக்கும் கொங்கன்படைத் திருவிழா, கொங்கு நாட்டிலிருந்து வந்த படையை அம்மன் அருளால் விரட்டியதாகச் சொல்லப்படும் போரின் நினைவு. அந்தக் கொங்கு நாட்டிலிருந்தே பிற்காலத்தில் உழவர்கள் மாடும் ஏரும் கொண்டு வந்து, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கரிசலைத் திருத்திக் குடியேறினார்கள். நெசவாளர்கள் வந்தார்கள், ராவுத்தர்கள் வந்தார்கள், தமிழ் அந்தணர்கள் கல்பாத்தியிலும் சித்தூரிலும் அக்கிரகாரம் அமைத்தார்கள். நீர் வரும் இடமெல்லாம் குடி வந்தது.

நீரை எப்படிக் கொண்டுவந்தார்கள்?

முதல் கட்டு ஆற்றிலேயே தொடங்குகிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் ஆழியாற்றின் குறுக்கே பழைய அணைக்கட்டுகள் வரிசையாக இருக்கின்றன. பள்ளிவிளங்கால், அரியாபுரம், காரப்பட்டி, பெரியணை, வடக்கலூர் என்ற ஐந்து வாய்க்கால்கள் அவற்றிலிருந்து பிரிந்து, ஆனைமலை வட்டாரத்தில் 6,400 ஏக்கருக்கு இன்றும் பாய்கின்றன. ஆழியாறு அணை வருவதற்கு முன்பே இருந்த பாசனம் என்பதால் அதைப் பழைய ஆயக்கட்டு என்கிறார்கள். தாழ்வான கல் அணை ஆற்றை முழுதாக நிறுத்தாது. நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி வாய்க்காலுக்குள் திருப்பும். மிச்சம் மேலே வழிந்து அடுத்த அணைக்குப் போகும். வயலில் பாய்ந்து வடிந்த நீரும் ஆற்றுக்கே திரும்பும். அதையே கீழே இருக்கும் ஊர் மறுபடி மறிக்கும். எல்லை தாண்டிச் சித்தூர்ப்புழையிலும் இதே முறைதான். மூலத்தறை, தேம்பாறமடக்கு, நறணி என்று அணைக்கட்டுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக ஆற்றை வாங்கி வாங்கிக் கொடுக்கின்றன.

இரண்டாம் கட்டு ஏரி. கம்பாலத்தறை, வெங்கலக்கயம் போன்ற தேக்கங்கள் வாய்க்கால் நீரையும் மழை நீரையும் வாங்கிப் பிடித்து வைக்கும். ஆற்றில் தண்ணீர் குறையும் வாரங்களில் பயிரைக் காப்பாற்றுவது இவைதான்.

மூன்றாம் கட்டு கிணறு. வாய்க்கால் எட்டாத மேட்டில் கரிசலையும் பாறையையும் உடைத்து அகலமான கிணறுகளை வெட்டினார்கள். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் ஒரு கிணறு எத்தனை ஏக்கரைத் தாங்கும் என்பது மாட்டின் காலில் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் பக்கத்துக் கிணற்றில் ஊற்று உயரும் என்பதால், மேட்டுக்காட்டு விவசாயியும் அணை திறக்கும் தேதியைக் கேட்டுக்கொண்டே இருப்பார். ஆறும் ஏரியும் கிணறும் பார்வைக்குத் தனித்தனி. நிலத்தடியில் அவற்றுக்கு ஒரே கணக்கு.

கரிசலில் நெல் போடுவது என்ன வேலை என்பதை அருகில் நின்று பார்த்தால்தான் தெரியும். கேரளத்தில் கரிசல் மண் இருப்பதே சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்குப் பகுதியில்தான். கோடையில் அது சுருங்கிப் பிளக்கும்; கை நுழையும் அளவு வெடிப்பு ஓடும். முதல் தண்ணீர் விட்டால் வயல் நிறையாது, வெடிப்புக்குள் இறங்கி மறைந்துவிடும். மண் ஊறி உப்பி வெடிப்பு மூடும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு தண்ணீரோடு சேர்த்துத் திரும்பத் திரும்பத் தொளி உழவு. அந்த உழவில் மண்கட்டி கரைந்து, அடியில் ஒரு கெட்டி அடுக்கு படிகிறது. அதற்கு மேல் நிற்கும் நீர் எளிதில் இறங்காது. பரம்பு ஓட்டிச் சமப்படுத்தி, வரப்பின் உட்பக்கத்தைச் சேற்றால் மெழுகி நண்டு வளையை அடைத்த பிறகே வயல் நாற்றுக்குத் தயார். ஒரு வயலில் தண்ணீர் நிற்கிறது என்றால் அங்கே பல ஆண்டுக் கால உழவு அடியில் படிந்து கிடக்கிறது என்று பொருள். ஐந்தாறு ஆண்டு தரிசாகப் போட்டு வரப்பையும் உடைத்துவிட்டால், அந்த வயலை மறுபடி நிறுத்தச் செலவும் நாளும் பல மடங்கு ஆகும்.

பாலக்காட்டு வயலில் முதல் போகம் கோடை மழையோடு தொடங்கும். பல இடங்களில் புழுதி விதைப்பு. அறுவடை ஓணத்தை ஒட்டி வரும். இரண்டாம் போகம் நடவாகத் தொடங்கித் தை, மாசியில் முடியும். முதல் போகத்துக்கு வானம் ஓரளவு உதவும். இரண்டாவது போகம் முழுக்க வாய்க்காலை நம்பியது. கணவாயில் கிழக்குக் காற்று அடித்து ஈரத்தை உறிஞ்சும் மாதங்களில் கதிர் பால் பிடிக்கிறது. அந்தச் சமயத்தில் பத்து நாள் தண்ணீர் தவறினாலும் நெல் பதராகும். தலைமடையில் இருப்பவர் மிச்சம் வைத்தால்தான் கடைமடைக்குப் போகும் என்பதால் முறை வைத்துப் பாய்ச்சும் ஒழுங்கு வந்தது. எந்த மதகு எப்போது திறக்கும், யார் வயலுக்கு முதலில், வாய்க்கால் தூர்வார யார் வீட்டிலிருந்து எத்தனை ஆள் என்பதெல்லாம் ஊர் பேசி முடிவு செய்த விஷயங்கள். இந்த மாவட்டத்தின் மட்டா அரிசியும் நவரா நெல்லும் பிற்பாடு புவிசார் குறியீடு பெற்றன என்றால், அந்தப் பெயருக்குப் பின்னால் இந்த முறைப் பாசனமும் இருக்கிறது.

இந்தப் பெருமையைச் சொல்கிறவர்கள் சேற்றில் நின்றவர்களையும் சொல்லியே ஆக வேண்டும். வயல் ஜன்மி என்ற நிலவுடைமையாளருடையது, வேலை செறுமர் முதலான தாழ்த்தப்பட்ட சாதியினருடையது. 1800இல் ஆனைமலையிலிருந்து கொல்லங்கோடு வழியாகப் பாலக்காடு வந்த பிரான்சிஸ் புக்கானன், இங்கே உழவு அடிமைகளை விற்பதும், அடகு வைப்பதும், குத்தகைக்கு விடுவதும் நிலத்தைப் போலவே நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட மலபாரில் 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையின் சட்ட அங்கீகாரத்தை நீக்கியது. கொச்சி அரசு அதைச் செய்தது 1854இல். சித்தூர் கொச்சிக்குச் சொந்தம், பக்கத்துப் பாலக்காடு மலபாரைச் சேர்ந்தது. ஒரே ஆற்று நீரில் நாற்று நட்ட இரண்டு பேரில் ஒருவருக்குச் சட்டம் 11 ஆண்டு தாமதமாக வந்தது. குத்தகையை ஒழித்த கேரள நிலச் சீர்திருத்தம் 1970 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, பயிரிட்ட குத்தகைக்காரர் நிலத்துக்கு உரிமையாளர் ஆனார். கூலிக்கு வயலில் இறங்கியவர்களில் பெரும்பாலோருக்குக் குடியிருப்பு மனை கிடைத்தது, வயல் கிடைக்கவில்லை.

கொச்சியின் சித்தூர் நான்கு பக்கமும் பிறர் நிலம் சூழ்ந்த துண்டு. மேற்கே மலபார் மாவட்டம், கிழக்கே கோயமுத்தூர், இரண்டும் சென்னை மாகாணம். ஆறு கோயமுத்தூரில் புறப்பட்டுக் கொச்சிக்குள் நுழைந்து மலபாருக்குள் போயிற்று. 1949இல் சித்தூர் திருவிதாங்கூர்-கொச்சியில் சேர்ந்தது, 1956 நவம்பர் 1இல் கேரளம் பிறந்தது, 1957 ஜனவரி 1இல் பாலக்காடு மாவட்டம் அமைந்தபோது சித்தூர் அதில் ஒரு வட்டமானது. மலம்புழை அணையை 1955இல் திறந்து வைத்தவர் சென்னை மாநில முதலமைச்சர் காமராஜர். அது கட்டப்பட்டது சென்னை அரசின் பணத்தில், நீர் பாய்வது இன்றைய கேரளத்தில். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் வாளையாறு, மீன்கரை, சுள்ளியாறு அணைகள் வந்தன.

இவை எல்லாவற்றையும்விடச் சித்தூரின் விதியை எழுதியது பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம். மேற்கே ஓடும் நதிகளின் நீரை மலைக்குள் அணைகளாலும் சுரங்கங்களாலும் இணைத்துக் கிழக்கே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துப் புஞ்சைக்குத் திருப்பிய பெரும் பணி அது. இரு மாநிலங்களும் 1970 மே 29இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது 1958 நவம்பர் 9ஆம் தேதி முதல் செல்லும் என்று எழுதிக்கொண்டன. அதன்படி ஒவ்வொரு நீராண்டிலும், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, மணக்கடவில் அளந்து 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்கு வர வேண்டும். சோலையாற்றில் 12.3 டி.எம்.சி. தனி. ஆண்டுதோறும் நெல் பொதி கட்டும் நேரத்தில் பாலக்காட்டு நாளிதழ்களில் வரும் மணக்கடவுக் கணக்கு இந்த 7.25இன் கணக்குதான். மூலத்தறை மதகுகளில் இடதுகரை, வலதுகரைக் கால்வாய்களாகப் பிரிந்து சித்தூருக்குள் பரவுவதும் அதே நீர். 30 ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 1988இல் வந்த தவணை பேச்சுவார்த்தையிலேயே கரைந்தது. 2019 செப்டம்பரில் இரு முதலமைச்சர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்துப் பேசியபோதும் இதுவே பொருள்.

ஆனைமலையின் தென்கோடியிலும் இதே கதையின் இன்னொரு பாகம் உண்டு. இடுக்கி மாவட்டத்தின் அஞ்சுநாடு: மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி. அங்கும் மழை மறைவு, அங்கும் தமிழ். மறையூர்ப் பாறைகளின் மேல் கற்பலகைகளால் அமைத்த பெருங்கற்கால முனியறைகள் இன்னும் நிற்கின்றன. அந்தப் பள்ளத்தாக்கில் மனிதர் குடியிருப்பு எவ்வளவு பழையது என்பதற்கு அவையே சாட்சி. கீழே சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்கள். மேல் படியில் பாய்ந்த நீர் வழிந்து அடுத்த படிக்கு இறங்கும். வடிந்த நீரெல்லாம் பாம்பாற்றில் சேர்ந்து, கேரளத்தில் கிழக்கே ஓடும் மூன்று நதிகளுள் ஒன்றாக அமராவதி அணையை அடைகிறது. அங்கே நெல் பெரும்பாலும் போய்விட்டது. கரும்பும் காய்கறியும் வந்தன, மறையூர் வெல்லம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மேல்சரிவுகளில் நட்ட யூகலிப்டஸ் ஊற்றுகளை வற்றச் செய்ததாக அங்குள்ள விவசாயிகள் பல ஆண்டாகச் சொல்லிவருகிறார்கள்.

கேரளத்துக்குள் மாயா வயல்களுக்கு நேர் உறவு தேடினால் குட்டநாட்டுக்குத்தான் போக வேண்டும். கடல்மட்டத்துக்குக் கீழே ஒன்று, இரண்டு மீட்டர் ஆழத்தில் நெல் விளையும் நிலம். வேம்பநாட்டுக் காயலுக்குள் தென்னங்கழிகளை அடித்து இறக்கி, மூங்கில் தட்டி கட்டி, தொழிலாளர்கள் முங்கி எடுத்த காயல் களிமண்ணைத் திணித்து வரம்பு எழுப்பினார்கள். உள்ளே நின்ற நீரைக் காலால் மிதித்துச் சுற்றும் சக்கரங்களால் வெளியே தள்ளினார்கள். பின்னால் எந்திரம் வந்தது. உணவுப் பஞ்சக் காலத்தில், 1940களில், ஜோசப் முரிக்கன் காயலை மறித்து உருவாக்கிய சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்ற மூன்று காயல் நிலங்கள் அந்த முயற்சியின் உச்சம். ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் 2013இல் குட்டநாட்டு வேளாண்மையை உலக முக்கியத்துவம் வாய்ந்த மரபுச் செல்வமாக அறிவித்தது. பாலக்காட்டு வயலுக்கு அப்படி ஒரு பட்டம் இல்லை. ஆனால் கேரளத்தில் விளையும் நெல்லில் பெரும்பகுதி இந்த இரண்டு நிலங்களிலிருந்துதான் வருகிறது. ஒன்றில் நீரை இறைத்து வெளியேற்றுகிறார்கள், இன்னொன்றில் இழுத்துப் பிடிக்கிறார்கள்.

இழுத்துப் பிடித்த நீரை யார் எடுக்கலாம் என்ற கேள்வி கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் வெடித்தது. 2000ஆம் ஆண்டில் அங்கே கோக்கோ கோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. மூலத்தறைக் கால்வாய் ஒட்டி ஓடுகிறது, கம்பாலத்தறை, வெங்கலக்கயம் ஏரிகள் பக்கத்தில். நிலத்தடி நீர் வளமாக இருந்ததற்குக் காரணமே இந்தப் பாசன அமைப்புதான். சில மாதங்களில் சுற்றுவட்டாரக் கிணறுகள் இறங்கின. தண்ணீரின் சுவை மாறியது, சோறு வேகவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். 2002 ஏப்ரல் 22இல் ஆதிவாசி மக்கள் ஆலை வாசலில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். இரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமானார். ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் காவலர் மட்டுமே என்று 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. 2010இல் அரசு அமைத்த உயர்நிலைக் குழு 216 கோடி ரூபாய் சேதம் என்று மதிப்பிட்டது. 2011இல் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியும் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007இலேயே காலமானார்.

ஆலை போனாலும் வயல் சுருங்குவது நிற்கவில்லை. 1970களின் நடுவில் கேரளத்தில் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் இருந்தது. இப்போது இரண்டு லட்சம் ஹெக்டேரைச் சுற்றித்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாலக்காட்டில். கூலி உயர்ந்தது, விலை கட்டவில்லை, தென்னையும் வீட்டுமனையும் வயலுக்குள் இறங்கின. 2008இல் வந்த நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை மேடாக்குவதைத் தடுக்கிறது. 2020இல் நெல் போடும் நில உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகை தரும் திட்டமும் வந்தது. நெல்வயல் நெல்லை மட்டும் தருவதில்லை, மழையைப் பிடித்து நிலத்தடிக்கு அனுப்புகிறது என்பதை ஓர் அரசு பணமாக ஒப்புக்கொண்ட நடவடிக்கை அது. கிழக்கே, மூலத்தறை வலதுகரைக் கால்வாயைக் கோரையாற்றிலிருந்து வரட்டாறு வரை வேலந்தாவளம் பக்கம் நீட்டும் பணி, எருத்தேம்பதி, வடகரைப்பதி மக்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டது. பழைய கடைமடைக்கும் அப்பால் ஒரு புதிய கடைமடை.

மாயா வயல்கள் காட்டுக்குள் மறைந்து, ஆயிரம் ஆண்டு கழித்து லேசர் ஒளியில் வெளிப்பட்டன. சித்தூர் வயல்களில் இன்றும் ஆள் நிற்கிறார். அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பழைய அணைக்கட்டுகள் எங்கெங்கே இருந்தன, எந்த வாய்க்கால் எந்த ஏரியை நிரப்பியது, எந்த ஏரி எத்தனை ஏக்கர் சுருங்கியது, முறை வைத்துப் பாய்ச்சிய ஒழுங்கு எந்த ஊரில் எப்படி இருந்தது என்பதையெல்லாம் மதகு திறந்த முதியவர்களிடம் கேட்டும், கொச்சி, மலபார் காலத்து நில அளவைப் பதிவேடுகளைப் புரட்டியும், லிடார் கொண்டு தரையை வரைந்தும் ஒரே வரைபடத்தில் சேர்க்க முடியும். பெருமாட்டி, பட்டஞ்சேரி, நல்லேப்பிள்ளி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதி என்ற ஆறு ஊராட்சிகளில் தொடங்கி, மேலே ஆனைமலையின் ஐந்து பழைய வாய்க்கால்களையும் சேர்த்துக்கொண்டால், ஒரே ஆற்றின் இரு மாநிலப் பாசனத்துக்கும் ஒரு முழு வரைபடம் கிடைக்கும். பரம்பிக்குளம் ஒப்பந்தத்தின் மறுபரிசீலனைக்கு இரு தரப்பும் அடுத்த முறை உட்காரும்போது, டி.எம்.சி. அட்டவணையோடு அந்த வரைபடமும் மேசையில் இருக்க வேண்டும்.